ஒரு முழ தூரத்தில் பூ: பிலிம் கேமராவில் படம் எடுக்கப் பழகுவோம்



நம்ம திண்டுக்கல் சமவெளியில் பூவைத் தெரியாத பெண் உண்டா? நிலக்கோட்டைப் பக்கம் மல்லி, செம்பட்டி, ரெட்டியார்சத்திரம் பக்கம் செவ்வந்தி, சம்பங்கி, கோழிக்கொண்டை. விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறோம். பறிக்கிறோம், நிறுக்கிறோம், கட்டுகிறோம், மார்க்கெட்டுக்கு அனுப்புகிறோம். மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மல்லி விளையும் பகுதியில் நம் திண்டுக்கல் மாவட்டமும் சேர்ந்திருக்கிறது.

இந்த மல்லியின் படத்தை காலண்டரில் பார்க்கிறோம், விளம்பரத்தில் பார்க்கிறோம். அதில் பூ இருக்கும். பறித்த கை இருக்காது. படத்தை எடுத்தவரும் வெளியிலிருந்து வந்தவராகவே இருப்பார். நாம் கேமராவுக்கு முன்னால் நின்றது எப்போது? கல்யாணத்தில் நின்றோம். ரேஷன் கார்டுக்கும் குழுக் கடன் விண்ணப்பத்துக்கும் உட்கார்ந்தோம். கேமராவுக்குப் பின்னால் நின்றவர் நம்மில் எத்தனை பேர்?

பூவைப் படம் எடுப்பதற்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது பூவைப் பற்றித்தான். அது நமக்கு ஏற்கெனவே தெரியும். மீதி கேமரா பாடம். அதை இந்த இதழில் பார்ப்போம்.

இந்தக் காலத்தில் பிலிம் கேமராவா?

நியாயமான கேள்வி. கையில் செல்போன் இருக்கிறது. மாலை ஆர்டருக்கு மாதிரி அனுப்ப, வாட்ஸ்அப்பில் விலை கேட்க, செல்போன் படமே போதும். அதற்கு பிலிம் வேண்டாம்.

ஆனால் பல வீடுகளில் பழைய பிலிம் கேமரா ஒன்று பீரோவிலோ இரும்புப் பெட்டியிலோ தூங்கிக்கொண்டிருக்கிறது. யாஷிகா, கோடக், ஹாட் ஷாட் என்று ஏதாவது ஒன்று. அதை எழுப்புவதில் இரண்டு லாபம் இருக்கிறது.

ஒன்று, பார்க்கப் பழகுவோம். செல்போனில் நூறு படம் எடுத்து ஒன்றைக்கூடத் திரும்பப் பார்க்க மாட்டோம். பிலிமில் மொத்தம் 36 படம்தான். ஒவ்வொரு அமுக்கலுக்கும் காசு. அதனால் அமுக்கும் முன் பூவை நன்றாகப் பார்ப்போம்.

இரண்டு, நெகட்டிவ் நிலைக்கும். செல்போன் தண்ணீரில் விழுந்தால் படமும் போச்சு. ஈரம் படாமல் வைத்த நெகட்டிவ்விலிருந்து ஐம்பது வருஷம் கழித்தும் பேத்தி பிரிண்ட் போடலாம்.

செலவுக் கணக்கு

கணக்குப் பார்க்காமல் நம்ம குழுவில் எதுவும் நடக்காதே! இன்றைக்கு ஒரு கலர் பிலிம் ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்து வாங்க ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். 1,500 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 36 படத்துக்கு வகுத்தால் ஒரு படத்துக்கு சுமார் 42 ரூபாய். ஒருத்தருக்கு இது பெரிய செலவுதான்.

அதனால் ஒரு யோசனை. குழுவில் 12 பேர் சேருங்கள். ஆளுக்கு 125 ரூபாய், ஆளுக்கு 3 படம். ஒரே கேமரா, ஒரே ரோல். சேமிப்புப் பணத்திலோ சுழல் நிதியிலோ இதற்குக் கை வைக்க வேண்டாம். விருப்பமுள்ளவர்கள் தனியாகப் போட்டு, தனி நோட்டில் வரவு செலவு எழுதுங்கள்.

ரோல் வாங்கும் முன் இன்னொன்றையும் விசாரித்துவிடுங்கள். இப்போது பெரும்பாலான ஸ்டூடியோக்களில் பிலிம் கழுவுவதில்லை. பெரிய நகரங்களில் உள்ள சில லேப்களுக்கு கூரியரில் அனுப்ப வேண்டியிருக்கும். யாரிடம் அனுப்புவது, எவ்வளவு ஆகும் என்பது முடிவான பிறகு ரோல் வாங்கினால் போதும்.

கேமராவைச் சோதிப்போம்

பிலிம் போடாமல் முதலில் பின்கதவைத் திறங்கள். பேட்டரி இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா? லென்ஸில் பூஞ்சை படர்ந்திருக்கிறதா? வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பட்டனை அமுக்கி, பின்பக்கம் வழியாகப் பாருங்கள். கண்ணிமைப்பது போல் ஷட்டர் திறந்து மூடினால் கேமராவுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

கேமரா இரண்டு ரகம்.

எளிய கேமரா: ஃபோகஸ், வெளிச்சம் எதையும் நாம் மாற்ற முடியாது. நாலு ஐந்து அடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுதான் தெளிவாக விழும்.

எஸ்.எல்.ஆர். கேமரா: லென்ஸ் வழியாகவே பார்க்கலாம். ஃபோகஸ், ஷட்டர் வேகம், வெளிச்சம் நுழையும் துவாரம் எல்லாவற்றையும் நாமே திருப்பி வைக்கலாம்.

பிலிமை நிழலில் நின்று மாட்டுங்கள். கையால் சுற்றும் கேமராவில் லீவரைத் தள்ளும்போது இடது பக்கம் உள்ள குமிழும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் பிலிம் மாட்டவில்லை. இதைக் கவனிக்காவிட்டால் 36 தடவை அமுக்கியும் ஒரு படம்கூட இருக்காது.

பூவுக்கு ஏற்ற வெளிச்சம்

உச்சி வெயிலில் மல்லியைப் படம் எடுத்தால் வெறும் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். இதழின் மடிப்பு தெரியாது. கோழிக்கொண்டை சிவப்புத் திட்டாகிவிடும். காலை ஆறரையிலிருந்து எட்டு வரை, சின்னாளப்பட்டிப் பக்கம் சிறுமலைக்கு மேலே சூரியன் ஏறி வெளிச்சம் சாய்வாக விழும் நேரம் நல்லது. மேகம் மூடிய நாளும் நல்லது. வெயிலில்தான் எடுத்தாக வேண்டும் என்றால், இரண்டு பேர் ஒரு வெள்ளை வேட்டியைப் பூவுக்கு மேலே விரித்துப் பிடியுங்கள். வெயில் வடிகட்டி இறங்கும்.

மல்லிகையில் ஒரு ரகசியம் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்ததுதான். நாம் பறிப்பது மொட்டு. அது விரிவது பொழுது சாய்ந்த பிறகு. அப்படியானால் காலை வெளிச்சத்தில் செடியில் விரிந்து நிற்பது எது? முந்தின நாள் பறிக்கத் தவறிய மொட்டு! அது மாலை கட்ட உதவாது, ஆனால் படத்துக்கு அதுதான் கதாநாயகி. வெளியூர்க்காரர் அதைத் தேடி அலைவார். நமக்கு எந்தச் செடியில், எந்தப் பக்கம் நிற்கும் என்று தெரியும்.

ரோலின் மேல் 100, 200, 400 என்று எண் இருக்கும். எண் கூடக் கூட குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கலாம். காலை வெயிலுக்கு 200, நிழலுக்கும் விடியலுக்கும் 400 வாங்குங்கள். எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் ஒரு சுலபக் கணக்கை மனப்பாடம் செய்யலாம். 200 ரோல், நல்ல வெயில் என்றால் ஷட்டர் 250, துவாரம் 16. மர நிழலுக்கு வந்தால் ஷட்டர் அப்படியே இருக்க, துவாரத்தை 5.6-க்கு மாற்றுங்கள். மீட்டர் கெட்ட கேமராவிலும் இந்தக் கணக்கு உதவும்.

மீட்டர் வேலை செய்தாலும் மல்லிக் குவியலிடம் அது ஏமாந்துபோகும். இவ்வளவு வெள்ளையா என்று மிரண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும், மல்லி அழுக்கு வேட்டி நிறத்தில் விழும். அதனால் மீட்டர் 8 என்று சொன்னால் நீங்கள் 5.6 வையுங்கள்.

ஏழு வழிகள்

1. முழம் போட்டு எடுங்கள். பூக்காரம்மா முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளக்கிறாரே, அந்த முழம் சுமார் 45 சென்டிமீட்டர். எஸ்.எல்.ஆர். கேமராவில் பொதுவாக வரும் 50 மி.மீ. லென்ஸ் பூவுக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியும் தெரியுமா? ஏறக்குறைய அதே ஒரு முழம்தான்! கேமராவின் பின்பக்கத்திலிருந்து பூ வரை கையால் அளந்துகொள்ளுங்கள். அதற்கும் பக்கத்தில் போனால் மங்கும்.

2. பாட்டியின் கண்ணாடி. எளிய கேமராவில் பக்கத்தில் போக முடியாதே, என்ன செய்வது? வெள்ளெழுத்துக்குப் போடும் 'பிளஸ் 2' கண்ணாடியின் ஒரு பக்கத்தை லென்ஸுக்கு முன்னால் ஒட்டினாற்போல் பிடியுங்கள். ஃபோகஸ் நிலையாக உள்ள கேமராவாக இருந்தால், இப்போது ஒரு முழ தூரத்தில் உள்ள பூ தெளிவாக விழும். ஒன்றைக் கவனியுங்கள். நாம் பார்க்கும் துளை வேறு, லென்ஸ் வேறு. துளை வழியாகப் பூவைப் பார்த்துச் சரிசெய்த பிறகு, அந்தத் துளை இருந்த இடத்துக்கு லென்ஸ் வரும்படி கேமராவை இரண்டு விரல் உயர்த்தி அமுக்குங்கள். இல்லையென்றால் பூவின் தலை வெட்டுப்பட்டுப் போகும்.

3. சூரியனைப் பூவுக்குப் பின்னால் நிறுத்துங்கள். செம்பருத்தி, ரோஜா போன்ற மெல்லிய இதழ்களை வெயிலுக்கு எதிராக, கீழேயிருந்து பாருங்கள். நரம்பு நரம்பாகத் தெரியும், விளக்கு ஏற்றியது போல் இருக்கும். லென்ஸில் நேரடியாக வெயில் விழாமல் பக்கத்தில் நிற்பவர் கையால் மறைத்துக்கொள்ளட்டும். துளை வழியாகச் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, கண்ணுக்கு ஆபத்து.

4. கறுப்புத் துணி பிடியுங்கள். தோட்டத்தில் பூவுக்குப் பின்னால் குச்சி, களை, பம்பு செட்டு எல்லாம் தெரியும். சின்னாளப்பட்டிச் சேலையில் கோலம் இல்லாத கறுப்பு அல்லது கரும்பச்சைப் பகுதியை இரண்டடி தள்ளிப் பின்னால் பிடியுங்கள். சம்பங்கித் தண்டு ஒன்று போதும், படம் நின்று பேசும். இருட்டாக உள்ள பக்கத்தில் ஒரு வெள்ளை தெர்மாகோல் அட்டையைக் காட்டினால் நிழல் தெளியும்.

5. கறுப்பு வெள்ளையில் யோசியுங்கள். கறுப்பு வெள்ளை ரோலில் சிவப்புப் பூவும் பச்சை இலையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகிவிடும், பூ இலைக்குள் ஒளிந்துகொள்ளும். மல்லி, முல்லை, சம்பங்கி, காக்கரட்டான் ஆகியவை இலையிலிருந்து பளிச்சென்று பிரியும். அதனால் வெள்ளைப் பூவுக்குக் கறுப்பு வெள்ளை, செண்டுமல்லிக்கும் கனகாம்பரத்துக்கும் கலர். நம்ம ஊட்டியிலேயே 1960-ல் 'இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்' என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டு, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் செய்துகொண்டிருந்தது. அம்மா, அப்பத்தா காலத்துப் படங்களில் சில அந்த பிலிமில் எடுத்ததாகக்கூட இருக்கலாம். அந்த ஆலை இப்போது இயங்கவில்லை.

6. ஓடும் கையை ஓடவிடுங்கள். பூக்கட்டும் பெண்ணின் விரல் வேகத்தை எப்படிக் காட்டுவது? திண்ணை நிழலில், எஸ்.எல்.ஆர். கேமராவை முக்காலி மேலோ ஆட்டுக்கல் மேலோ அசையாமல் வையுங்கள். ஷட்டர் 15, துவாரம் 11 அல்லது 16. கை புகை போல் ஓடும், மடியில் கிடக்கும் பூ அசையாமல் நிற்கும். பட்டனை விரலால் அழுத்தாமல், தானாக எடுக்கும் டைமரை வைத்தால் கேமரா ஆடாது.

7. ஒரே கட்டத்தில் இரண்டு படம். முதலில் இருட்டான பின்னணியில் ஒரு கையை எடுங்கள். பிறகு, பிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழை மெதுவாக இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கேமராவின் அடியில் உள்ள சிறு பட்டனை அமுக்கியபடி லீவரைத் தள்ளுங்கள். கையால் சுற்றும் பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் தயாராகும், பிலிம் நகராது. இப்போது பூவை எடுத்தால் இரண்டும் ஒரே படத்தில் விழும். இரண்டு தடவை வெளிச்சம் விழுவதால், இந்த இரண்டுக்கும் மட்டும் 200 ரோலை 400 என்று மீட்டரில் வைத்து அளக்க வேண்டும். முடிந்ததும் மறக்காமல் 200-க்குத் திருப்புங்கள்.

கவனிக்க வேண்டியவை

ராத்திரி விரிந்த மல்லியைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் மஞ்சளாக விழும், டியூப் லைட்டில் பச்சை பாயும். இது பிலிமின் குணம், கேமராவின் குற்றமில்லை. ஃப்ளாஷ் போட்டே ஆக வேண்டும் என்றால் அதன்மேல் வெள்ளைக் கைக்குட்டையை ஒரு மடிப்பு வையுங்கள். இல்லாவிட்டால் மல்லி வெளுத்துவிடும்.

நம்ம சித்திரை வெயில் பிலிமுக்கு எமன். வண்டிப் பெட்டியிலும் ஜன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால், வெளியே எடுத்து இரண்டு மணி நேரம் கழித்தே டப்பாவைத் திறங்கள்.

ரோல் முடிந்ததும் முழுவதும் திரும்பச் சுற்றிய பிறகே பின்கதவைத் திறக்க வேண்டும். பாதியில் திறந்தால் பன்னிரண்டு பேர் உழைப்பும் ஒரு நொடியில் வெளிச்சத்தில் கரைந்துவிடும்.

ஒருவரைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். பூப் பறிப்பவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். குழந்தைகள் என்றால் தாய் தகப்பனிடம் கேளுங்கள்.

நமக்கு முன்னே நடந்த பெண்கள்

"பிள்ளைகுட்டியை வச்சுக்கிட்டு இதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் இமோஜன் கன்னிங்காம் (1883–1976) என்ற பெண்மணி இருந்தார். மூன்று ஆண் பிள்ளைகள், அதில் இரண்டு பேர் இரட்டையர். வெளியே போய்ப் படம் எடுக்க முடியாத அந்த வருஷங்களில், வீட்டுத் தோட்டத்துச் செடிகளையும் பூக்களையுமே எடுத்தார். 1920-களில் எடுத்த அந்தப் பூப்படங்கள்தான் அவருக்கு உலகப் புகழ் தந்தன. அவற்றில் மிகவும் பேசப்படுவது 1925-ல் எடுத்த மக்னோலியா பூ. நம்ம செண்பகத்துக்கு அது சொந்தக்காரப் பூ.

நம் நாட்டில் ஹோமாய் வியரவாலா (1913–2012) இருந்தார். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். ஆண்கள் மட்டுமே கேமராவோடு நின்ற இடத்தில் சேலை கட்டிக்கொண்டு கனமான கேமராவைத் தூக்கி நின்றவர். 2011-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார்.

இவர்கள் இரண்டு பேருமே பிலிம் காலத்தவர்கள். எடுத்ததை உடனே பார்க்கும் வசதி அவர்களுக்கு இல்லை.

படம் வந்த பிறகு

படங்கள் வந்ததும் குழுக் கூட்டத்தில் தரையில் பரப்பி வையுங்கள். மங்கியது, வெளுத்தது, ஆடியது எல்லாம் இருக்கட்டும். ஏன் அப்படி வந்தது என்று பேசினால் அதுவே அடுத்த ரோலுக்குப் பாடம். இதற்காகவே எடுக்கும்போது ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள்: படம் எண், நேரம், வெயிலா நிழலா, எந்த வழி.

நல்ல படங்களை மட்டும் பிரிண்ட் போடுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் ஐந்து விஷயம் எழுதுங்கள்: பூவின் பெயர், ஊர், தேதி, அன்றைய மார்க்கெட் விலை, எடுத்தவர் பெயர்.

விலை எதற்கு என்கிறீர்களா? வெயில் காலத்தில் மல்லி வந்து குவியும், விலை விழும். மார்கழி, தையில் பனி விழுந்து மொட்டு குறையும், விலை எங்கேயோ ஏறும். பூவும் விலையும் தேதியும் சேர்ந்த பத்து படங்கள் இருந்தால், நம் வருஷம் எப்படிப் போனது என்று யாருக்கும் காட்டலாம். வங்கிக் கூட்டத்திலும் கிராம சபையிலும் வாய்ப்பேச்சோடு அதையும் எடுத்து வைக்கலாம்.

எடுத்தவர் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். பறித்த பூ மூட்டையில் நம் பேர் இருக்காது, கட்டிய மாலையிலும் இருக்காது. படத்திலாவது இருக்கட்டும்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் உறுப்பினர் வீடுகளில் எத்தனை பழைய கேமரா இருக்கிறது? எது வேலை செய்கிறது?
2. ஒரு ரோலுக்குச் சேர விருப்பமுள்ள பன்னிரண்டு பேர் யார் யார்? கணக்கு எழுதுவது யார்?
3. நம் ஊரில் எந்தப் பூ, எந்த மாதம், எந்த நேரத்தில் பார்க்க அழகு? வயதான உறுப்பினர்களிடம் கேட்டு எழுதுங்கள்.
4. ஆளுக்கு மூன்று படத்தில், ஒன்று பூ, ஒன்று பூவோடு கை. மூன்றாவது? அது அவரவர் விருப்பம். யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.